படத்தில் கீழே கிடப்பவன் நான்தான்

உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, கௌதமி. உன் அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வண்டி நகரும்போது உன்னிடம் எதையோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா" என்பது மட்டும்தான். அடுத்த ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தவரும் தன் பையனிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல நினைத்தது நிறைய. வாட்ஸ்அப்பில் டைப் பண்ண எனக்கு விரல் ஓடாது. வாய்ஸ் அனுப்பினால் நடுவில் உன் அம்மா பேசுவாள். அதனால் உன் காலேஜ் நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். போன மாதம் அந்த போட்டோ கண்காட்சியில் நடந்ததை நீயும் கூட இருந்து பார்த்தவள்தான். ஆனால் நான் அங்கே எப்படி வந்து சேர்ந்தேன், எத்தனை வருஷமாக வந்துகொண்டிருந்தேன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. அதை ஒரு தடவையாவது முதலிலிருந்து உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கே.ஜி.எஃப்.பில் உன் தாத்தா சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருந்த நேரமெல்லாம் பாக்ஸிங். நன்றாகவே ஆடினேன், அதைச் சொல்வதில் பொய் இல்லை. பெங்களூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு மாநிலப் போட்டி நடத்தினார்கள். அரையிறுதியில் எனக்கு எதிரில் வந்தவர் பெயர் தேவராஜ். பட்டாளத்துக்காரர், இடது கை ஆட்டக்காரர். இரண்டாவது ரவுண்டில் அந்த இடது கை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாடையில் பட்டது. வலி தெரியவில்லை, சத்தம்தான் நின்றது. அடுத்து எனக்குத் தெரிந்தது கன்னத்துக்குக் கீழே கான்வாஸின் சொரசொரப்பும் மேலே மஞ்சள் விளக்குகளும். நடுவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எண்ணுவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. ஆறு எண்ணும்போது எழுந்து நின்றேன். அவர் எட்டு வரை எண்ணி முடித்து, என் கிளவுஸைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு, கண்ணைப் பார்த்து, ஆடு என்றார். ஆடினேன். மூன்றாவது ரவுண்டையும் முழுதாக ஆடினேன். புள்ளியில் தோற்றேன். தேவராஜ் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். ஊருக்கு ரயில் ஏறும்போது பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் காலை பேப்பரில் அந்தப் படம் வந்தது. நீ எத்தனையோ தடவை பார்த்த படம்தான், ஆனால் அன்றைக்கு நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். கயிற்றுக்கு அடியில், தரைமட்டத்திலிருந்து எடுத்தது. தேவராஜ் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையை இன்னும் இறக்காமல் நிற்கிறார். நடுவரின் மூன்று விரல்கள் மேலே இருந்து இறங்குகின்றன. தேவராஜ் தலையை உதறியதில் தெறித்த வியர்வை காற்றில் அப்படியே நிற்கிறது, ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக. பின்னால் ஜனம் முழுக்க இருட்டு. யாரோ ஒரு ஆளின் திறந்த வாய் மட்டும் தெரிகிறது. இதற்கெல்லாம் கீழே, நான். பேப்பர் மையில் என் முகம் ஒரு கறுப்புத் தீற்றல். எங்கள் பனியன்களில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். படத்துக்குக் கீழே பெயர் கிடையாது, "நேற்றைய குத்துச்சண்டையில் ஒரு காட்சி" என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. என்னோடு வந்த நாலு பேர் போதும், அன்று மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் எழுந்ததையும் மூன்றாவது ரவுண்டு ஆடியதையும் யாரிடம் சொன்னாலும், "ஆமாமா, பேப்பர்லயே பாத்தோமே" என்று சிரித்தார்கள். அந்த வருஷமே பாக்ஸிங்கை விட்டேன். தோற்றதற்காக விட்டேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் படத்துக்காகத்தான் விட்டேன்.

பெங்களூருக்கு வந்து பொம்மசந்திராவில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். படமும் பின்னாலேயே வந்தது. அது அவ்வளவு பேருக்குப் பிடித்துப்போனது. ஜிம்களில் மாட்டினார்கள், யாரோ போஸ்டராக அச்சடித்தார்கள், ஒரு ஆட்டோவின் பின்பக்கத்தில்கூட வரைந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும் என்று இருக்கும். ஆனாலும் எங்கே பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன், கௌதமி. படம் நல்ல படம். அந்த வியர்வைச் சொட்டுகளை எப்படித்தான் நிறுத்தினான் மனுஷன் என்று, கீழே கிடக்கிறவனை மறந்துவிட்டு, யோசித்துக்கொண்டே நிற்பேன்.

உனக்கு ஆறு வயது. ஜீவனஹள்ளியில் நாம் அப்போதெல்லாம் போகும் சலூனில், நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு உன்னை உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு மேலே அந்தப் படம். நீ தலையை நிமிர்த்தி, "ப்பா, நீ பாக்ஸிங் ஆடுவேன்னு அம்மா சொன்னாங்க. இந்த மாதிரியா?" என்று கேட்டாய். இதேதான் என்று சொன்னேன். எந்த நினைப்பில் அப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். "அப்போ இதுல நீ யாரு?" என்றாய். என் விரல் போய் நிற்கிற ஆளைக் காட்டியது. சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "சார், நீங்களா!" என்று எனக்கு டீ சொல்லி அனுப்பினார். "கீழ விழுந்தது யாருப்பா?" என்று நீ கேட்டாய். "தேவராஜ்னு ஒருத்தர்" என்றேன். அப்படியாக, ஒரு மனுஷனின் ஜெயத்தை நான் எடுத்துக்கொண்டு, என் விழுகையை அவர் தலையில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு டீ நன்றாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஒரு தடவை சொன்னதோடு நின்றிருந்தால் மன்னிக்கலாம். நீ அதை ஸ்கூலுக்குக் கொண்டுபோனாய். சிநேகிதிகளைக் கூட்டிவந்து என் முஷ்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாய். நானும் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பில் ஷட்டில் போட்டியில் அரையிறுதியில் தோற்றுவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து வந்தாயே, அன்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் ஒரு எழுத்து மறக்கவில்லை. "இந்த வீட்ல இதுவரைக்கும் யாரும் கீழ விழுந்தது கிடையாது" என்றேன். தைரியம் சொல்வதாக நினைத்தேன். நீ ராக்கெட்டை உறையில் போட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, சஜ்ஜாப் பரண் மேல் பழைய சூட்கேஸுக்குப் பின்னால் தள்ளினாய். அப்புறம் நீ விளையாடவே இல்லை. அப்போதே உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். அரையிறுதியில் தோற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. சொல்லவில்லை.

போன மாதம் நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள்: எம்.ஜி. ரோடு பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் போட்டோ கண்காட்சி, அந்த பாக்ஸிங் படத்தை எடுத்தவருடைய நாற்பது வருஷப் படங்கள், அனுமதி இலவசம். கூடவே சின்னதாக அந்தப் படம். பேப்பரில் கறுப்பாக இருந்த முகம் நிஜப் படத்தில் தெளிவாக இருக்கும். பெயர் வேறு எழுதியிருப்பார்கள். நீ பார்த்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு, போனாலும் போவாய். வியாழக்கிழமை நீ லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பியதும், அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். என்ன செய்வதாக இருந்தேன் தெரியுமா? அந்த போட்டோகிராபரைப் பார்த்து, என் பெயர் இருந்தால் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சுவதாக இருந்தேன். அறுபத்தொரு வயதில், ஒரு பொய்யைக் காப்பாற்ற பஸ் ஏறிப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் படம் தெரிந்தது. கடைசிச் சுவரில், கதவு அளவுக்கு. அதற்கு எதிரே பெஞ்சில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் துப்பட்டா, பக்கத்தில் லேப்டாப் பை. யாரென்று புரிய ஒரு நொடி ஆனது. திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன், நிஜமாகவே ஒரு அடி பின்னால் வைத்தேன். அதற்குள் நீ திரும்பிவிட்டாய். உன் முகம் வெளுத்ததைப் பார்த்து, என்னைப் பார்த்து ஏன் இவள் பயப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"இன்னைக்கு லீவுப்பா" என்றாய்.

"நான் சும்மா, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றேன்.

அப்போதுதான் அந்த வாட்ச்மேன் அம்மா வந்தார், பாவம், நம் இருவரில் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். உன்னைப் பார்த்து, "மேடம், இவத்து பேக பந்தித்தீரா!" என்று சிரித்தார். இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டீர்களே என்று. தினமும் வருகிற ஆளைத்தானே அப்படிக் கேட்பார்கள்? நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தினமும் வர்றியா?"

"வேலை போயிடுச்சுப்பா. நாலு மாசம் ஆச்சு. எங்க டீமையே எடுத்துட்டாங்க." நீ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "காலைல கிளம்பி கப்பன் பார்க் லைப்ரரிக்குப் போவேன். சில நாள் மெட்ரோல இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போயிட்டு வருவேன். ஒரு வாரமா இங்க."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"உன்கிட்ட எப்படிப்பா சொல்றது? நம்ம வீட்லதான் யாரும் கீழ விழுந்தது கிடையாதே."

நீ குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படிப் பட்டது. தேவராஜின் கைகூட என்னை அந்த மாதிரி அடிக்கவில்லை. நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லாதது மிகச் சாதாரணமாக வெளியே வந்தது. "கௌதமி, அதுல கீழ கிடக்கிறது நான்தான்."

"தெரியும்ப்பா."

"எப்போலேர்ந்து?"

"மொத நாளே. உள்ள வந்து பாத்ததும், ஐயோ நான் ஏன் தரையில கிடக்கிறேன்னு தோணுச்சு. அச்சு அசலா என் மூஞ்சி." சிரிக்கப் பார்த்தாய், வரவில்லை. "ரெண்டு நாள் பயங்கரக் கோவம். ராக்கெட் ஞாபகம் வந்துச்சு. அப்புறம், நீ இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சிருக்கன்னா உனக்கு எவ்ளோ வலிச்சிருக்கணும்னு தோணுச்சு. அதைப் போய்த் தொடக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

உனக்கு வேலை போனது தெரிந்து ஒரு அப்பனுக்கு முதலில் என்ன தோன்ற வேண்டும்? எனக்குத் தோன்றியது, அப்பாடா, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுதான். உன்னைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான் வந்தது. இதற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் மூச்சு அன்றைக்கு அடிவயிறு வரை போய் வந்தது. நீ என் தோளில் தலையைச் சாய்த்தாய். நாலு மாசமாக நீ எவ்வளவு களைத்துப் போயிருந்தாய் என்பது அந்தத் தலையின் கனத்தில் எனக்குத் தெரிந்தது. வாட்ச்மேன் அம்மா நம்மைப் பார்த்துவிட்டு, மின்விசிறியை நம் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் அந்தப் படத்தை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். பேப்பரில் இல்லாத ஒரு பகுதி கீழே இருந்தது. என் வலது முட்டி. அது மடங்கி, வயிற்றுப் பக்கம் இழுத்து, பாதம் கான்வாஸில் ஊன்றத் தயாராக இருந்தது. வலது கிளவுஸ் தரையை அழுத்துகிறது. முகத்தில் நான் நினைத்திருந்த மாதிரி பயமோ மயக்கமோ இல்லை. ஒரு எரிச்சல்தான் இருந்தது. பஸ்ஸை விட்டவன் அடுத்த பஸ் எப்போது என்று பார்க்கிற மாதிரி, நடுவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் அந்தப் பையன். நாற்பது வருஷமாக நான் வெறுத்தது பாதிப் படத்தை.

சலீம் பாய் வந்தது அப்போதுதான். அவர்தான் எடுத்தவர் என்று நமக்குத் தெரியாது. கைத்தடியோடு யாரோ பெரியவர் படம் பார்க்க வந்திருக்கிறார் என்று நகர்ந்து இடம் விட்டோம். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "அரே! நீங்க அந்த எழுந்த ஆளு!" என்றார்.

விழுந்த ஆள் என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. எழுந்த ஆள் என்று சொன்னது அவர் ஒருவர்தான். நீதான், "சார், இவர் எழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய்.

"படம் எடுத்ததே அதுக்குத்தானேமா" என்று உட்கார்ந்தார். அப்புறம் அரைமணி நேரம் அவர் சொன்னதை நீயும் கேட்டாய், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்தப் பந்தலில் வெளிச்சம் போதாது. பிளாஷ் இல்லாமல் ஒன்றும் விழாது. அந்தக் காலத்து பிளாஷ் ஒரு தடவை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற எட்டுப் பத்து விநாடி ஆகும். ரிங்கைச் சுற்றி அவரோடு இன்னும் மூன்று பேர். தேவராஜின் கை என் தாடையில் பட்டதும் மூன்று பேரும் கேமரா பட்டனை அமுக்கிவிட்டார்கள். "நான் அமுக்கல. விரல் துடிச்சுது, ஆனா அமுக்கல. அடி எல்லா பைட்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடிச்சதுக்கு அப்புறம்தான் ஆளு யாருன்னு தெரியும்."

முழங்கை இரண்டையும் கான்வாஸ் விளிம்பில் ஊன்றி, கேமராவைக் கீழ்க் கயிற்றுக்கும் கீழே வைத்து, தூரத்தை முன்னாலேயே எட்டடி என்று கணக்குப் பண்ணி லென்ஸைத் திருகி வைத்திருந்தாராம். நான் அந்த எட்டடியில் வந்து விழுந்தேன். "அது என் நசீபு" என்றார். தன் அதிர்ஷ்டம் என்கிறார். அது என் அதிர்ஷ்டமும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. மற்ற மூன்று பேரும் பிளாஷ் சார்ஜ் ஆகட்டும் என்று காத்திருக்க, இவர் கிடக்கிற என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. மூன்று எண்ணும்போது முட்டி அசைந்தது. தேவராஜ் மூலைக்குப் போவதற்காகத் திரும்பித் தலையை உதறினார். அப்போது அமுக்கினார். இருட்டறையில் பிலிமைக் கழுவிப் பிரதி எடுத்தால் என் முகம் இருட்டாக விழும் என்று, பிரிண்ட் போடுகையில் என் முகத்துக்கு மேலே மட்டும் விரலால் நிழல் கட்டி, காகிதம் அங்கே கறுத்துவிடாதபடி வெளிச்சத்தைக் குறைத்து, கண் தெரியும்வரை மறுபடி மறுபடி போட்டிருக்கிறார். "ஏழு காகிதம் வீணாச்சு. எட்டாவதுல உங்க கண்ணு வந்துச்சு."

"அப்போ பேப்பர்ல ஏன் சார் முட்டியை வெட்டினாங்க?" என்று நீ கேட்டாய், கோபமாகவே.

"இடம் இல்லையாம். கீழ ஒரு விளம்பரம். நான் டெஸ்க்ல போய்ச் சண்டை போட்டேன்மா, இது விழுற போட்டோ கிடையாது, எழுற போட்டோன்னு. கேக்கல. பேரு ரெண்டும் எழுதிக் குடுத்தேன், அதையும் எடுத்துட்டாங்க." பிறகு கண்ணாடி மேசையில் இருந்த சின்னச் சின்னப் படங்களின் தாளைக் காட்டினார், ஒரு பிலிம் ரோல் முழுவதும் வரிசையாக. நம் படத்துக்கு அடுத்த கட்டத்தில் நானும் தேவராஜும் எதிரெதிரே நிற்கிறோம். நான் நிற்கிறேன், கௌதமி. என் கைகள் மேலே இருக்கின்றன. நீ மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தாய். "ப்பா, நீ எழுந்துட்ட" என்றாய், ஏதோ அப்போதுதான் நடந்த மாதிரி.

தேவராஜ் கண்காட்சியின் முதல் நாளே வந்திருந்தாராம். ராமமூர்த்தி நகரில் இருக்கிறார் என்று சலீம் பாய் நம்பர் கொடுத்தார். வெளியே பேக்கரி வாசலில் நின்று நாம் தேங்காய் வைத்த தில்பசந்த் சாப்பிடும்போது, நீ கூப்பிடு கூப்பிடு என்று பிடுங்கி எடுத்ததால் கூப்பிட்டேன். யாரென்று சொன்னதும், "டேய், மூணாவது ரவுண்டுல விலாவுல ஒண்ணு விட்டியே, ரெண்டு வாரம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலடா!" என்று கத்தினார். அவர் பெயரை நான் என்ன செய்துவைத்தேன் என்று சொன்னேன். "உன் பொண்ணுக்கு நான் கீழ கிடந்தேனா, இத்தனை வருஷம்? சரி, அவளை ஒரு நாள் கூட்டிட்டு வா. நான் நடந்து காட்டுறேன்" என்றார். நீ ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு பொய்யையும் ஒரே மூச்சில் சொன்னோம். உன் வேலையைக் கேட்டு அழுதாள். என்னுடையதைக் கேட்டு அசையவே இல்லை. "உங்க அண்ணன் நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டாரு" என்றாள். ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்றால், "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். இவ்ளோ நாளாகும்னு தெரியல" என்று உன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். எனக்குப் போடவில்லை, கவனித்தாயா?

அதற்கு முந்தின இன்டர்வியூக்களில் எல்லாம் நடுவில் இருந்த நாலு மாசத்தைப் பூசி மெழுகப் பார்த்துத் திணறினதாகச் சொன்னாய். இப்போது நீ சேரப் போயிருக்கும் கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் கேட்டபோது, "டீமையே எடுத்தாங்க, நாலு மாசமா தேடிட்டு இருக்கேன்" என்று நேராகச் சொல்லிவிட்டேன் என்றாய். அதனால்தான் வேலை கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கு வேலை தெரியும், அதனால் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு நீ அறைக்குள்ளிருந்து போனை வைத்துவிட்டு வந்தபோது உன் தோள் இரண்டும் இறங்கி, பழைய இடத்தில் இருந்தன. நான் பார்த்தேன். நான் விழுந்ததை உனக்குப் பதினாலு வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதற்கெல்லாம் நீ ஏற்கெனவே சிரித்துவிட்டாய்.

இதுவரை எழுதி, எப்படி முடிப்பது என்று தெரியாமல் மூன்று நாள் மடித்து வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் நீ கூப்பிட்டாய். நான் ஹலோ சொல்வதற்குள், "ப்பா, இன்னைக்கு மொத மீட்டிங். ஒரு கேள்வி கேட்டாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல. அத்தனை பேர் முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அம்மா முறைத்தாள், "புள்ள கஷ்டத்தைச் சொல்றா, நீங்க சிரிக்கிறீங்க" என்று போனைப் பிடுங்க வந்தாள். நீயும், "ஏன்ப்பா சிரிக்கிற?" என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று ஏதோ உளறினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ரூம் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் சொல்வதற்கு முன்னால் நீ இதை என்னிடம் சொன்னாய், அதுவும் நடந்த அன்றைக்கே. அந்த சந்தோஷத்தில் சிரித்தேன், கௌதமி. வேறொன்றுமில்லை.

நாளைக்கும் கூப்பிடு. எல்லாம் நல்லபடியாகப் போனாலும் பரவாயில்லை.

அப்பா